கத்தலான் அவான்-கார்ட் சிற்றிதழ்களும் செவ்வியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர், எந்தக் காலம்?

ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கும் கத்தலோனியா. பெரும்பாலும் பார்சலோனா நகரம், அதற்குத் தெற்கே கடலோரத்தில் சிட்ஜஸ், உள்ளே தள்ளி வில்லாஃபிராங்கா. காலம் 1911-இலிருந்து 1936-இல் உள்நாட்டுப் போர் வெடிக்கும் வரை. இந்த இருபத்தைந்து வருடங்களில் கத்தலான் மொழியில் அவான்-கார்ட், அதாவது கலையில் முன்னோடிப் புதுமை தேடும் சிற்றிதழ்கள் பல வந்தன. சில ஒரே ஒரு இதழோடு நின்றன. ஜுவான் மிரோவும் சால்வடோர் தாலியும் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுடைய படங்களும் எழுத்தும் வந்த இடங்கள் இவை.

அவான்-கார்ட் என்றாலே பழையதை உடைப்பதுதானே? செவ்வியல் எங்கே வருகிறது?

இத்தாலியில் அப்படித்தான் இருந்தது. இயந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய ஃபியூச்சரிஸ்ட் இயக்கத்தின் மரினெட்டியும் கூட்டாளிகளும் அருங்காட்சியகங்களை அழிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அங்கே பழமையின் பாரம் அதிகம். கத்தலோனியாவில் நிலைமை நேர் எதிர். அங்கே செவ்வியல், அதாவது கிரேக்க-லத்தீன் மரபு என்பதே அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதுச் சரக்கு.

1906-இல் எயுஜெனி டோர்ஸ் என்பவர் ஷெனியுஸ் என்ற புனைபெயரில் 'லா வெயு தெ கத்தலுன்யா' நாளிதழில் தினமும் ஒரு சிறு குறிப்பு எழுத ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தின் பெயர் நௌசென்டிஸ்மே. ஒழுங்கு, அளவு, நகர நாகரிகம், மத்தியதரைக் கடலின் தெளிந்த வெளிச்சம் ஆகியவை அதன் லட்சியங்கள். முந்தைய தலைமுறையின் கற்பனாவாதத்தையும் உணர்ச்சிக் கொந்தளிப்பையும் அது ஒதுக்கியது. 1911-இல் டோர்ஸ் எழுதிய 'லா பென் பிளாந்தாதா' என்ற நூலின் நாயகி உயரமான, நிதானமான ஒரு கடலோரப் பெண். ஒரு முழு இனத்தின் லட்சிய வடிவமாக அவளை நிறுத்தினார்.

ஒரு சின்ன நாட்டுக்கு எதற்குக் கிரேக்கம்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். கத்தலானுக்கு இடைக்காலத்தில் பெரிய இலக்கியம் இருந்தது. ரமோன் யுல், அவுசியாஸ் மார்க் போன்றவர்கள் அதில் எழுதினார்கள். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அந்த மொழி ஆட்சியிலிருந்தும் கல்வியிலிருந்தும் ஒதுக்கப்பட்டது. பிற ஐரோப்பிய மொழிகளில் மறுமலர்ச்சியும் செவ்வியல் காலமும் நடந்தபோது இவர்கள் அதைத் தவறவிட்டார்கள். அந்த இடைவெளியை ஒரே தலைமுறையில் நிரப்பப் பார்த்தார்கள்.

வேலை மிக வேகமாக நடந்தது. 1907-இல் கத்தலான் ஆய்வுக் கழகம் தொடங்கியது. மறுவருடம் எம்பூரியஸ் என்ற பழைய கிரேக்கக் குடியேற்றத்தில் அகழாய்வு தொடங்கி, 1909-இல் மருத்துவக் கடவுள் அஸ்கிளீபியஸின் சிலை மண்ணிலிருந்து வந்தது. தங்கள் கரையிலேயே கிரேக்கம் கிடைத்துவிட்டது என்ற பரவசத்தை நினைத்துப் பாருங்கள். 1913-இல் போம்பேயு ஃபாப்ரா தலைமையில் எழுத்து விதிகள், 1918-இல் இலக்கணம். 1914-இல் அரசியல் தலைவர் பிராட் தெ லா ரிபா தலைமையில் மன்கொமுனிதாத் என்ற வரையறுக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு. 1922-இல் அரசியல்வாதியும் செல்வந்தருமான ஃபிரான்செஸ்க் கம்போ, கிரேக்க லத்தீன் நூல்களைக் கத்தலானில் கொண்டுவர பெர்னாட் மெட்ஜே அறக்கட்டளையைத் தொடங்கினார். அடுத்த வருடமே லத்தீன் கவிஞர் லுக்ரீஷியஸ் வெளிவந்தார்.

ஆக, அங்கே செவ்வியல் என்பது பள்ளிக்கூடம், நூலகம், எழுத்து விதி எல்லாம் சேர்ந்த ஒரு நாட்டுத் திட்டம். அதைத் தாக்குகிறவன் தன் மொழி நிற்கும் தரையையே தாக்குகிறான். கத்தலான் இளைஞர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது.

டோர்ஸ் கியூபிசத்தை எதிர்த்தாரா?

இல்லை. 1912 வசந்தத்தில் பார்சலோனாவின் தல்மாவ் காட்சியகத்தில், உருவங்களைக் கோணங்களாகவும் தளங்களாகவும் பிரித்து வரையும் கியூபிச ஓவியங்கள் காட்டப்பட்டன. மெட்ஸிங்கர், கிளேஸ், ஹுவான் கிரிஸ் இருந்தார்கள். படியிறங்கும் நிர்வாண உருவத்தை வரைந்த மார்செல் துஷாம்பின் படமும் வந்திருந்தது. செவ்வியலின் காவலரான டோர்ஸ் அந்த வருடம் கியூபிசத்துக்கு ஆதரவாகவே எழுதினார். இம்ப்ரெஷனிஸ்டுகள் எல்லாவற்றையும் ஒளியாகவும் புகையாகவும் கரைத்துவிட்டார்கள், இவர்களோ எலும்புக்கூட்டைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், கியூபிசம் வழியாகக் கட்டமைப்புக்குப் போகலாம் என்பது அவர் வாதம்.

இத்தாலிய ஓவியர் ஜீனோ செவெரினி கியூபிசத்திலிருந்து செவ்வியலுக்கு என்ற தலைப்பில் புத்தகம் போட்டது 1921-இல். ஐரோப்பா முழுவதும் 'ஒழுங்குக்குத் திரும்புதல்' என்று பேசியது முதல் உலகப் போருக்குப் பின்புதான். டோர்ஸ் அதை ஒன்பது வருடம் முன்பே சொல்லிவிட்டார். இதற்காக அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: காட்சியகம் நடத்திய ஜூசெப் தல்மாவ் பழம்பொருள் வியாபாரியும்கூட. பழைய சிற்பமும் புத்தம் புது ஓவியமும் ஒரே வியாபாரியின் கையில் இருந்தன.

முதல் அவான்-கார்ட் சிற்றிதழ் எது?

கத்தலானில் என்றால் ஜூசெப் மரியா ஜுனோயின் 'த்ரோசுஸ்'. துண்டுகள் என்று பொருள். முதலில் ஒரு வெள்ளோட்ட இதழ், பிறகு 1917-18-இல் ஒரு வரிசை. கடைசிப் பகுதியை இளம் கவிஞர் ஜே. வி. ஃபோஷ் நடத்தினார்.

ஜுனோய் நௌசென்டிஸ்மே வட்டத்திலிருந்து வந்த கலை விமர்சகர். அவருடைய மிகப் புகழ் பெற்ற படைப்பு, 1917-இல் போரில் மறைந்த பிரெஞ்சு விமானி கினமேர் பற்றியது. விமானம் பறந்து விழுந்த பாதையை எழுத்துகளே பக்கத்தில் வரைந்து காட்டும். பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் இதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆனால் ஜுனோய் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'கினமேருக்கு ஓட்'. மாண்ட வீரனைப் பாடும் ஓட் வடிவம் கிரேக்கர்களின் சொத்து. அச்சுக்கோப்பு மட்டும்தான் அன்றைக்குப் புதிது, பாடுபொருள் பழைய கிரேக்கக் கவிஞர் பிண்டாருக்கும் பழக்கமானதே. பின்னாளில் ஜுனோய் கத்தோலிக்கச் செவ்வியல் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்தார். பலர் இதைத் துரோகம் என்பார்கள். முதல் இதழிலிருந்தே படித்து வந்தால் அந்தத் திருப்பம் திடீரென்று வந்ததாகத் தெரியாது.

பிகாபியாவின் '391' இதில் சேர்த்தியா?

பாதி. முதல் உலகப் போரிலிருந்து ஒதுங்கி பார்சலோனா வந்த பிரெஞ்சு ஓவியர் ஃபிரான்சிஸ் பிகாபியா, 1917 ஜனவரி முதல் மார்ச் வரை '391'-இன் முதல் நான்கு இதழ்களை தல்மாவின் ஆதரவில் அங்கே போட்டார். மொழி பிரெஞ்சு. உள்ளூர் விவாதத்தில் அது தலையிடவில்லை. செவ்வியலோடு அதற்கு எந்தச் சங்கடமும் இல்லை, கொஞ்சமும் மதிக்கவில்லை.

ஜோவாகின் டோரஸ்-கார்சியாவின் கதை என்ன?

இந்த உறவின் வலி முழுவதும் ஒரே ஆளின் வாழ்க்கையில் தெரிய வேண்டுமென்றால் இவரைப் பார்க்க வேண்டும். உருகுவேயின் மொண்டெவிடேயோவில் 1874-இல் பிறந்து, இளம் வயதில் கத்தலோனியா வந்த ஓவியர். நௌசென்டிஸ்மே இயக்கத்தின் அதிகாரபூர்வ ஓவியர் என்றே சொல்லலாம். பார்சலோனாவின் அரசு மாளிகையில் சான் ஜோர்தி மண்டபச் சுவர்களை வரையும் பொறுப்பை பிராட் தெ லா ரிபா அவரிடம் கொடுத்தார். 1913-இல் முதல் சுவரோவியம் வந்தது. வெளிறிய நிறங்கள், தட்டையான உருவங்கள், கிரேக்க மேய்ச்சல் நில அமைதி. அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. 1916-இல் நான்காவது ஓவியத்தில் ஆட்டுக்கால் தேவன் பான் குழலோடு பெரிதாக எழுந்தபோது கூச்சல் இன்னும் அதிகமானது.

1917-இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ஆகஸ்டில் பிராட் தெ லா ரிபா இறந்தார். அடுத்து வந்த தலைவர், கட்டடக் கலைஞர் பூஜ் இ கதஃபால்க், ஓவிய வேலையை நிறுத்திவிட்டார். அதே வருடம் டோரஸ்-கார்சியா உருகுவேயைச் சேர்ந்த ரஃபாயெல் பர்ராதாஸ் என்ற ஓவியரோடு நட்பாகி, டிராம்களும் கடிகாரங்களும் விளம்பர எழுத்துகளும் நிறைந்த நகரத் தெருக்களை வரையத் தொடங்கினார். நவம்பரில் 'உன் எனெமிக் தெல் போப்ளே' என்ற இதழில் 'கலை-பரிணாமம்' என்ற அறிக்கையை வெளியிட்டார். எந்தப் பள்ளியும் வேண்டாம், தேசிய எல்லையும் வேண்டாம், ஒவ்வொருவரும் தன் காலத்தில் நின்று தானாகவே வளர வேண்டும் என்று அது கேட்டது.

சுவரோவியங்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஸ்பெயினின் ஆட்சியைப் பிடித்த தளபதி பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரக் காலத்தில் அவற்றின்மேல் வேறு ஓவியங்களைப் போட்டு மறைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை பிரித்தெடுக்கப்பட்டு, அதே மாளிகையின் வேறொரு அறைக்கு வந்தன.

அப்படியானால் அவர் செவ்வியலை விட்டுவிட்டாரா?

இல்லை என்பதே என் பதில். 1920-இல் நியூயார்க் போனார், பிறகு பாரிஸில் அருவக் கலைஞர்களோடு சேர்ந்தார், 1934-இல் மொண்டெவிடேயோ திரும்பினார். அங்கே அவர் வளர்த்த 'ஆக்க உலகளாவியம்' விகிதம், கட்டம், காலத்தைத் தாண்டிய குறியீடு ஆகியவற்றின் மேல்தான் நின்றது. சான் ஜோர்தி மண்டபத்தில் தேடிய அதே ஒழுங்கு, உருவங்கள் மட்டும் உதிர்ந்திருந்தன.

'உன் எனெமிக் தெல் போப்ளே' யார் நடத்தியது?

ஜுவான் சல்வாட்-பாபாசெய்ட். 1894-இல் பிறந்தவர், தந்தை கப்பலில் கொதிகலன் வேலை பார்த்தவர், கடலிலேயே இறந்துபோனார். மகன் பார்சலோனாத் துறைமுகத்தில் இரவுக் காவல் பார்த்தார், பிறகு புத்தகக் கடையில் வேலை செய்தார். பள்ளிப் படிப்பு குறைவு. 1917-இல் 'ஆன்மிகக் கலகத் தாள்' என்ற துணைத் தலைப்போடு இதழைத் தொடங்கி 1919 வரை நடத்தினார். இடையில் 1918-இல் 'ஆர்க் வோல்டாயிக்' என்ற இன்னொன்று, ஒரே இதழ், அட்டையில் மிரோவின் ஓவியம். 1920-இல் கத்தலானின் முதல் ஃபியூச்சரிஸ்ட் அறிக்கையை எழுதினார். 1924-இல் காசநோயில் இறந்தபோது வயது முப்பது.

அவருக்குச் செவ்வியலோடு இருந்த சங்கடம் வர்க்கத்தின் சங்கடம். நௌசென்டிஸ்மே வளர்த்த அழகிய நகரத்தில் துறைமுகத் தொழிலாளிக்கு இடம் இல்லை. அதே சமயம், அவர் எழுதக் கற்றுக்கொண்ட கத்தலான் அந்த இயக்கம் செப்பனிட்ட கத்தலான். எனவே அவர் கவிதையில் ரேடியோ அலையும் டிராமும் வரும், பக்கத்திலேயே பழைய நாட்டுப் பாடலின் சந்தமும் வரும். இறந்த பிறகு வந்த தொகுப்புக்குத் துணைத் தலைப்பு, 'அவான்-கார்ட் கவிதைகளின் முடிவு'.

1925-இல் இருபத்தொரு வயதுத் தாலி 'வீனஸும் மாலுமியும்' என்று ஒரு ஓவியம் வரைந்து சல்வாட்டுக்கு அஞ்சலியாக்கினார். அவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இரண்டு உருவங்கள் கிடைக்காது.

'லாமிக் தெ லெஸ் ஆர்ட்ஸ்' எப்படிப்பட்ட இதழ்?

1926 ஏப்ரலில் சிட்ஜஸில் ஜூசெப் கார்போனெல் தொடங்கியது, 1929 மார்ச் வரை 31 இதழ்கள். முதலில் பார்த்தால் அவான்-கார்ட் என்றே தோன்றாது. உள்ளூர் வரலாறு, நாட்டார் வழக்கு எல்லாம் வந்தன. அவற்றின் பக்கத்திலேயே ஃபோஷின் கனவுபோன்ற உரைநடை, செபஸ்தியா காஸ்கின் கலை விமர்சனம், லூயிஸ் மொன்தன்யாவின் இலக்கியக் கட்டுரை, 1927-இலிருந்து தாலி. இந்தக் கலப்பைப் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இதழின் உயிர். கடைசி 31-ஆம் இதழைத் தாலியும் காஸ்கும் மொன்தன்யாவும் எடுத்துக்கொண்டார்கள். அதில் பழையவை எல்லாம் போய், கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கும் சர்ரியலிசம் மட்டுமே நின்றது. விறுவிறுப்பான இதழ்தான், ஆனால் அதோடு பத்திரிகை முடிந்துவிட்டது.

மஞ்சள் அறிக்கை செவ்வியலைத் தாக்கியதா, காப்பாற்றியதா?

1928 மார்ச்சில் தாலி, காஸ்க், மொன்தன்யா மூவரும் கையெழுத்திட்டு மஞ்சள் தாளில் வெளியிட்ட 'கத்தலான் கலை-எதிர்ப்பு அறிக்கை' பற்றித்தான் கேட்கிறீர்கள். குத்துச்சண்டை, ஜாஸ், சினிமா, விமானம், கிராமஃபோன் எல்லாவற்றையும் வாழ்த்திவிட்டு, பெரிய பாடகர் குழுவான ஓர்ஃபெயோ கத்தலா முதல் நாடகாசிரியர் கிமெரா வரை உள்ளூர்ப் பெருமைகளைக் கண்டித்தது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அறிக்கையில் கிரேக்கம் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள். கத்தலான் அறிவாளிகளைப் பார்த்து அது கேட்கிறது: கடைசியில் பண்டைய கிரேக்கத்தையும் போலிச் செவ்வியல் நடனக்காரிகளையும் குழப்பிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால், பெர்னாட் மெட்ஜே அறக்கட்டளையால் உங்களுக்கு என்ன பயன்? விளையாட்டு வீரர்கள் நம் அறிவாளிகளைவிடக் கிரேக்க ஆன்மாவுக்கு நெருக்கம் என்கிறது. விமான எஞ்சினின் துல்லியமான முடிப்பில் கிரேக்கம் தொடர்கிறது என்கிறது.

கிரேக்கம் ஒழிக என்ற குரல் இது இல்லை. கிரேக்கம் எங்களுடையது, உங்களிடம் இருப்பது போலி என்கிறார்கள். பாரிஸிலிருந்து வந்த 'லெஸ்ப்ரி நுவோ' இதழின் தாக்கம் இதில் தெளிவு. கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1923-இல் ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தினானையும் மோட்டார் காரையும் அருகருகே அச்சிட்டிருந்தார். ஆனால் பாரிஸில் அது வடிவமைப்புத் தத்துவம். பார்சலோனாவில் அதே கருத்து, ஒரு நாடு தனக்கு எந்த மூதாதையரைத் தேர்ந்தெடுப்பது என்ற சண்டைக்குள் போய் விழுந்தது. சூடு அதனால்தான்.

இரண்டு மாதம் கழித்து சிட்ஜஸில் நடந்த கூட்டத்தில் தாலி இன்னும் தெளிவாகப் பேசினார். பார்த்தினானை யாரும் இடிபாடாகக் கட்டவில்லை, கட்டியபோது அது நம் மோட்டார் கார்களைப் போலப் புத்தம் புதிதாக, பாசி படியாமல் இருந்தது என்றார். அதே சமயத்தில் பார்சலோனாவின் கோதிக் பகுதியை இடிக்க வேண்டும் என்றும் சொன்னார். கூட்டம் நடத்திய அமைப்பின் பெயர் 'சென்டார்', பாதி மனிதன் பாதிக் குதிரையான கிரேக்கப் புராண உயிர்.

பெர்னாட் மெட்ஜே அறக்கட்டளை மேல் வைத்த அடி நியாயமா?

பாதி நியாயம். வெறுங்காலோடு மெல்லிய துணி கட்டி ஆடும் 'கிரேக்க' நடனங்கள் அப்போது மோஸ்தர், அதைக் கிண்டல் செய்ததில் தப்பில்லை. ஆனால் அறக்கட்டளைக்காகக் கார்லெஸ் ரிபா போன்றவர்கள் செய்த மொழிபெயர்ப்புகள் மிக உயர்ந்தவை. ரிபா அதற்கு முன்பே, 1919-இல், ஹோமரின் ஒடிசியைக் கத்தலானுக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் உழைப்பு இல்லாவிட்டால் கத்தலான் கவிதை மொழிக்கு அந்த வளைவும் நெளிவும் வந்திருக்காது. அதைத் தாக்கிய இளைஞர்களும் அந்த மொழியில்தான் தாக்கினார்கள். ஆண்டையும் பாருங்கள்: 1925-இலேயே சர்வாதிகார அரசு மன்கொமுனிதாத்தைக் கலைத்துவிட்டது, கத்தலான் மொழிக்கு நெருக்கடி. அந்த நேரத்தில் ஒரு கத்தலான் நிறுவனத்தை வெளிப்படையாக அடிப்பது பலருக்கு வலித்தது. மௌனமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மொழி நெருக்கடியில் இருந்தாலும் விமர்சனம் அதற்கு வேண்டும்.

ஃபோஷ் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

அவர் மனம் அப்படி வேலை செய்யவில்லை. ஜே. வி. ஃபோஷ் 1893-இல் பார்சலோனாவை ஒட்டிய சர்ரியாவில் பிறந்தவர், குடும்பத்தின் பலகாரக் கடையை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார், தன்னைக் 'கவிதையில் ஆய்வாளன்' என்று அழைத்துக்கொண்டார். 1927-இல் 'கெர்த்ரூதிஸ்' என்ற அவருடைய உரைநடைக் கவிதை நூல் மிரோவின் சித்திரத்தோடு லாமிக் வெளியீடாக வந்தது. படித்தால் சர்ரியலிசம் என்பீர்கள், அவர் அந்தச் சீட்டை ஏற்கவில்லை. அதே ஆள் இடைக்காலக் கத்தலான் கவிஞர்களின் நடையில் கச்சிதமான சானெட்டுகளும், அதாவது பதினான்கு வரிக் கவிதைகளும், எழுதினார். 1947-இல் வெளிவந்த 'சோல், இ தெ தோல்' தொகுப்பில், புதியது என்னைக் கிளர்த்துகிறது, பழையதன் மேல் காதல் கொள்கிறேன் என்று ஒரு வரி உண்டு. கத்தலோனியாவில் பலருக்கும் அது மனப்பாடம்.

செவ்வியல் பக்கம் என்றால் வலதுசாரி, புதுமை என்றால் இடதுசாரியா?

அப்படிப் பிரிக்க முடியாது. சல்வாட் இடதுசாரி. ஃபோஷும் கார்போனெலும் 1921-23-இல் நடத்திய 'மோனிடோர்' இதழோ பிரான்சின் வலதுசாரித் தேசியவாதி ஷார்ல் மோராஸை வியந்தது. மோராஸின் அரசியல் லத்தீன் செவ்வியலில் வேரூன்றியது. ஐந்து வருடம் கழித்து அதே இருவர்தான் தாலிக்கு மேடை கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் ஃபோஷைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

இந்தச் சங்கடத்தால் கத்தலான் அவான்-கார்ட் அரைகுறையாகிவிட்டது என்கிறார்களே?

பாரிஸையும் மிலானையும் அளவுகோலாக வைத்தால் அப்படித் தெரியும். நான் ஏற்கவில்லை. எழுத்து விதிகள் வந்து நான்கைந்து வருடமே ஆன மொழியில் சொற்களை எழுத்து எழுத்தாகச் சிதறவிட்டு ஜுனோய் எழுதினார். எதை உடைக்கலாம், எதை உடைத்தால் திரும்பக் கிடைக்காது என்று ஒவ்வொரு பக்கத்திலும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனை இதழ்களுக்குப் பாரிஸில் இல்லாத ஒரு கனத்தைக் கொடுத்தது. 1925-இல் தல்மாவ் காட்சியகத்தில் நடந்த தாலியின் முதல் தனிக்காட்சியின் விவரப் புத்தகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செவ்வியல் ஓவியர் ஆங்க்ரின் வாசகங்கள் அச்சாகியிருந்தன. கோட்டோவியமே கலையின் நேர்மை என்பது அவற்றில் ஒன்று. மூன்றே வருடத்தில் மஞ்சள் அறிக்கை. இரண்டும் ஒரே ஆள், இரண்டும் மனதாரச் சொன்னது.

1930-களில் என்ன ஆனது?

கட்டடக்கலை இதழான 'ஏசி' 1931 முதல் 1937 வரை பார்சலோனாவிலிருந்து 25 இதழ்கள் வந்தது, மொழி ஸ்பானிஷ். இபிசா தீவின் வெள்ளைச் சுண்ணாம்பு வீடுகளின் படங்களைப் போட்டு, நவீனக் கட்டடக்கலையின் வேர் மத்தியதரைக் கடல்தான் என்றது. டோர்ஸின் மத்தியதரைக் கடல் கான்கிரீட் வழியாகத் திரும்பி வந்தது. 1934 குளிர்காலத்தில் 'தசி இ தல்யா' என்ற பிரபல பத்திரிகை, ஜூசெப் லூயிஸ் செர்ட்டும் ஜுவான் பிராட்ஸும் தயாரித்த நவீனக் கலைச் சிறப்பிதழை வெளியிட்டது. மிரோவின் வண்ணப் படத்தோடு வந்த அந்த இதழ் அழகின் உச்சம்.

1939-க்குப் பிறகு?

உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோ வென்றதும் கத்தலான் பதிப்பு ஒடுக்கப்பட்டது. செவ்வியல்வாதி ரிபா நாடு கடந்து போய், 1943-இல் திரும்பி வந்தார். ஃபோஷ் சர்ரியாவிலேயே இருந்தார். ஜுவான் ப்ரோசா என்ற இளைஞர் 1940-களின் தொடக்கத்தில் அவரிடம் போனார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் மனதில் எழும் உருவங்களை எழுதிக்கொண்டிருந்தவர். அவற்றை சானெட்டுக்குள் அடைக்கப் பழகு என்றார் ஃபோஷ். ப்ரோசா பழகினார். 1948-இல் ஓவியர்கள் அந்தோனி தாபியஸ், ஜுவான் போன்ஸ் முதலியோரோடு 'தாவ் அல் செட்' இதழைத் தொடங்கியவர் அவர். பொருள்களையே கவிதையாக்கிய காட்சிக் கவிதைகளால் பின்னர் புகழ் பெற்றார். கூடவே பழைய கிரேக்கக் கவிஞர் சாஃபோவின் யாப்பில் ஓட்களும், செஸ்டீனா என்ற கடினமான பழைய வடிவத்தில் கவிதைகளும் எழுதிக் குவித்தார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பல இதழ்களின் பக்கங்களைக் கத்தலோனிய நூலகம் 'ஆர்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் பக்க அமைப்பே நிறையச் சொல்லும். லாமிக் இதழில் 1926-இன் ஏதாவது ஒன்றையும் 31-ஆம் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். அப்புறம் டோரஸ்-கார்சியாவின் சான் ஜோர்தி ஓவியங்களையும் மொண்டெவிடேயோக் காலத்துக் கட்ட ஓவியங்களையும் ஒப்பிடுங்கள். மஞ்சள் அறிக்கையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.